கத்தரிப்பூ நிறச் சில்லுகள்

பெர்னடெட் இருமுகிறாள் என்பது, அவள் அதை ஒப்புக்கொள்வதற்கு ஒரு வருஷம் முன்பே எனக்குத் தெரியும். செமோரில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அவள் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் நான் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது அந்தப் பக்கம் அவள் இருமுவாள். சளி இருமல் இல்லை, வறண்ட இருமல். உள்ளே எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடுங்கி வெளியே போட முடியவில்லை என்பது போல இருக்கும்.

"என்ன பெர்னா, கிளினிக் போலயா?" என்று துணி காயப்போடும்போது கேட்டால் சிரிப்பாள்.

"தூசிலா விமலா. கிலாங்ல எல்லாருக்கும்தான் இருக்கு." கிலாங் என்று அவள் சொன்னது வேலை செய்த தொழிற்சாலையை.

பெர்னடெட் பிறந்தது இங்கே பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டில். அப்பா பால்மரம் வெட்டினார். அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு அந்த நிலத்தையும் துண்டு போட்டு விற்றார்கள். அக்கா ஆலிஸ் பாகான் டத்தோவில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். பெர்னடெட், ஆம்புரோஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டு செமோரிலேயே தங்கினாள். அண்ணன் ஈப்போவில் ஓர் இரும்புக்கடைக்கு லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் உலகத்தில் நெருங்கிய உறவு என்றால் ஆலிஸ் குடும்பம்தான்.

சும்மா உட்காரத் தெரியாதவள் அவள். முன்பு கையுறை செய்யும் கிலாங்கில் இருந்தாள். ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவுக்கு அவள்தான் முதல் குரல். நான் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் கிறிஸ்மஸ் பூசைக்கு அவள் பாட்டைக் கேட்பதற்கென்றே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே மேலே ஏறிப் போய், மூச்சே வாங்காமல் அங்கேயே நின்று பாடுவாள்.

சீனா வெளிநாட்டுக் குப்பையை இனி வாங்க மாட்டோம் என்று நிறுத்திய வருஷத்தில் அந்தக் குப்பைக் கப்பல்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. அவள் பிறந்த எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கட்டடம் ஒன்று கூரை ஓட்டையாகி நின்றுகொண்டிருந்தது. அதை யாரோ ஒரு முதலாளி வாடகைக்கு எடுத்துப் பிளாஸ்டிக் அரைக்கும் கிலாங் ஆக்கினார். வீட்டுக்குப் பக்கம், பஸ் ஏற வேண்டாம், யாரும் அதிகம் திட்டுவதில்லை. பெர்னடெட்டுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. அப்பா வெட்டிய பால் வந்து சேர்ந்த கட்டடம் ஆயிற்றே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அப்ப புகை, இப்ப தூசி. அவ்வளவுதான்" என்றாள்.

கொள்கலன்களில் கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் வரும். அரவை இயந்திரம் அதைக் கடித்துச் சில்லுச் சில்லாக்கும். சில்லுகளை ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மிதப்பதை நீளக் கைப்பிடி போட்ட வலைக்கரண்டியால் வாரி எடுத்துக் காயவைப்பது பெர்னடெட்டின் வேலை. அதன்பிறகு உருக்கி மணிமணியாக்கி மறுபடி ஏற்றுமதி. கழுவிய தண்ணீர் தொட்டியின் கடைசியில் ஒரு கம்பி வலையைத் தாண்டி லோங்காங்கில், அதாவது சாக்கடையில், விழும். அங்கிருந்து பின்னால் ஓடும் ஓடைக்கு. ஓடை ஈப்போவில் கிந்தா ஆற்றில் சேரும். கிந்தா பேராக் ஆற்றில் சேரும். பேராக் ஆறு பாகான் டத்தோவில் கடலில் விழும். இதையெல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் மேப் வரைந்து படித்தவர்கள்தான்.

தூசியைப் பற்றி முதலில் அவள் அழகாகத்தான் சொன்னாள். கூரை ஓட்டை வழியாக வெயில் விழும்போது காற்று முழுக்க மினுமினுக்குமாம். வீட்டுக்கு வந்து முடியை அவிழ்த்து உதறினால் தரையில் பொடி மின்னும். "என் பொண்டாட்டி டிசம்பருக்கு முன்னாலேயே கிறிஸ்மஸ் மரம் ஆயிட்டா" என்று ஆம்புரோஸ் அண்ணன் கேலி செய்வார். முகத்துக்கு மெல்லிய துணி முகமூடி ஒன்று கொடுத்தார்கள். அது மத்தியானத்துக்குள் அடைத்துக்கொள்ளும். மூச்சு முட்டுகிறது என்று எல்லாரும் கழுத்துக்கு இறக்கிவிட்டு வேலை செய்வார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் பொடி படியும். ஊதிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அரவை இயந்திரத்தில் நின்றவர் அலாம் என்று ஒரு வங்காளதேசத்துக்காரர். முதலில் அவருக்குத்தான் வந்தது. மூட்டை தூக்க முடியவில்லை, படி ஏற முடியவில்லை, பிறகு பேச முடியவில்லை. காசநோய் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். சோதித்ததில் காசநோய் இல்லை. என்னவென்று யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் பெர்னடெட்டிடம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "கக்கா, சினி பெராட்" என்றாராம். அக்கா, இங்கே கனமாக இருக்கிறது என்று.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. தொட்டியின் கம்பி வலை அடிக்கடி அடைத்துக்கொண்டது. தண்ணீர் எதிர்த்து ஏறித் தரையெல்லாம் ஓடியது. சூப்பர்வைசர் தர்மேந்திரன் எங்கள் தாமான் ஆள்தான். நல்ல பிள்ளை, யாரையும் மரியாதை இல்லாமல் பேச மாட்டார்.

"அக்கா, அந்த வலைய கொஞ்சம் எடுத்துடுங்க. தண்ணி வடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

பெர்னடெட் எடுத்தாள். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. சாயங்காலம் மாட்டினாள். மறுநாளும் எடுத்தாள். அப்படியே பழகிப்போய், வலை ஒரு நாள் சுவரில் ஆணிக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்டது.

அப்போது அரைத்துக்கொண்டிருந்தது ஏதோ வெளிநாட்டுக் கூடைகள். நல்ல கத்தரிப்பூ நிறம். எங்கள் பக்கம் அந்த நிறத்தில் பிளாஸ்டிக் சாமான் நான் பார்த்ததில்லை. "அந்தக் கலர்ல ஒரு சேலை இருந்தா எடுத்துடுவேன்லா விமலா" என்று அவள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. லோங்காங்கே கத்தரிப்பூவாக ஓடியது என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் ஆம்புரோஸ் அண்ணன் வேனில் பாகான் டத்தோ போனோம். தென்னங்கன்று வாங்க வேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன். ஆலிஸ் வீட்டுக்காரர் சின்னையாவுக்கு ஆற்று முகத்துவாரத்தில், சேற்றுத் திட்டில், கெராங் வளர்ப்பில் ஒரு பங்கு இருந்தது. கெராங் என்றால் வரிவரியாக ஓடு போட்ட சிப்பி. வேகவைத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிடுவது. பெர்னடெட்டுக்கு அதென்றால் உயிர். போகும்போதெல்லாம் ஆலிஸ் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுப்பாள்.

நாங்கள் போனபோது சின்னையா வீட்டுப் பின்னால் கம்பிக் கூடையில் கெராங்கைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டுச் சலித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன. நாற்றம் தாங்கவில்லை.

"குஞ்சு விட்டா நிக்க மாட்டேங்குது" என்றார். "ஒருத்தன் செம்பனை மருந்துங்கிறான், ஒருத்தன் ஆத்துத் தண்ணிங்கிறான், ஒருத்தன் வெயிலுங்கிறான். எனக்கென்னா தெரியும்? செத்துப்போவுது. அது மட்டும் தெரியும்."

பெர்னடெட் கூடையின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சேறு கரைந்து ஓடியதும் கம்பியில் சில தங்கின. போத்தல் மூடி, நுரைப்பஞ்சு, கயிற்றுத் துண்டு. அவற்றின் நடுவே கத்தரிப்பூ நிறத்தில் நகக்கண் அளவுச் சில்லுகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னா மாமா?"

"அதுவா? கடல் குப்பைலா. கலர் கலரா வரும். இப்பல்லாம் இந்தக் கலர்தான் ஜாஸ்தி. பெருசுன்னா பொறுக்கிப் போட்டுடுவேன். பொடிப்பொடியா இருக்கிறத என்னா பண்றது?"

அவள் கையை மூடிக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

சாப்பாட்டில் ஆவி பறக்கக் கெராங் வந்தது. பெர்னடெட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னாடி, கெராங்குன்னா சட்டியோட கேப்பே. இன்னைக்கு என்னா?" என்றாள் ஆலிஸ்.

"அக்கா, மீனுன்னா கொடலை எடுத்துப் போட்டுடலாம். இதுல எதை எடுப்பே?"

"எதை எடுக்கணும்? நல்லா கழுவித்தானே வெச்சிருக்கேன்."

"அது தண்ணியக் குடிச்சுத்தானே வளருது?"

"பின்னே, பாலா குடிக்கும்?" ஆலிஸ் சிரித்துவிட்டு ஓர் ஓட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பெர்னடெட் அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில்தான் வேனில் கையைத் திறந்து காட்டினாள். சில்லின் ஓரத்தில் வெட்டு நேராக இல்லை, பல் பதிந்த மாதிரி பிய்ந்திருந்தது. "இது எங்க மெஷினு கடிச்சது" என்றாள். உலகத்தில் அரவை இயந்திரம் அது ஒன்றுதானா என்று ஆம்புரோஸ் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் சில்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ஆலிஸ் கொடுத்த கெராங் பை குளிர்பெட்டியில் கிடந்து, பிறகு குப்பைக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் அவள் வலையை ஆணியிலிருந்து எடுத்துத் தொட்டியில் மாட்டினாள். மத்தியானம் தண்ணீர் ஏறி வழிந்தது. தர்மேந்திரன் ஓடி வந்தார்.

"அக்கா, என்னா இது? எடுங்கக்கா."

"என் கையால இனி எடுக்க மாட்டேன் தம்பி."

"நீங்க எடுக்கலன்னா நான் எடுப்பேன். நான் எடுக்கலன்னா மொதலாளி தவுக்கே வேற ஆளு வெப்பாரு. என்னா ஆவப் போவுது?"

"அப்ப நீங்களே எடுங்க."

அவர் காலணியோடு தொட்டிக்குள் காலை வைத்து வலையை உருவி எறிந்தார். மறுநாள் தொட்டிப் பக்கம் வேறு பெண் நின்றாள். பெர்னடெட்டை அரவை இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அலாம் நின்ற இடம் அது. அவருக்குப் பின் வந்தவரும் அங்கே நிலைக்கவில்லை. வேலையை விட்டுவிடு என்று நானும் அண்ணனும் எவ்வளவோ சொன்னோம். "ரோஷத்துல விட்டா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்" என்றாள். இந்தப் பிடிவாதம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டாம். ஆலிஸ் சொல்லியிருக்கிறாள்.

மறு ஈஸ்டருக்குள் எல்லாம் மாறிப்போனது. பூசையில் பாட்டின் நடுவே பெர்னடெட்டின் குரல் நின்றது. மறந்துவிட்டாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். வாய் திறந்தபடியே இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அதன்பிறகு அவள் பாடகர் குழுவுக்குப் போகவில்லை. வீட்டில் குளிக்கும்போது பாட்டு முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இருமல் மட்டும் கேட்டது.

ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். முதலில் காசநோய்க்குப் பார்த்தார்கள். இல்லை என்றார்கள். பிறகு ஸ்கேன், அதன்பிறகு நுரையீரலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனை. முடிவு சொன்னவர் டாக்டர் சாந்தினி. முடியைக் கட்டையாக வெட்டிய இளம்பெண். அவசரப்படாமல் பேசினார்.

"ஆன்ட்டி, நுரையீரல் பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கணும். உங்களுக்கு நிறைய இடத்துல தழும்பு விழுந்து கெட்டியா ஆயிருக்கு. எடுத்த துணுக்குல ரொம்பச் சின்னச் சின்னத் துகள் தெரியுது. பிளாஸ்டிக்கா இருக்கணும்."

"அதனாலதான் இப்படியா?"

"அதனால மட்டும்தான்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா நைலான் தூசி, பிளாஸ்டிக் தூசியில வேலை செஞ்சவங்களுக்கு இப்படித் தழும்பு விழுந்தத டாக்டர்ங்க முன்னாலேயே பார்த்திருக்காங்க. வேலைய இன்னைக்கே விடுங்க. இருக்கிறத காப்பாத்தப் பார்க்கலாம். போனது திரும்பாது."

பெர்னடெட் அடுத்துக் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

"டாக்டர், மூச்சுல போறது சரி. சாப்பிட்டா? கெராங்கு, மீனு... அதுல இருந்தும் உள்ள தங்குமா?"

"பெருசா இருக்கிறது வயித்துல வந்து வெளிய போயிடும். ரொம்பப் பொடியா இருக்கிறது போகாம தங்கலாம். ரத்தத்துல இருக்கிறதப் பார்த்திருக்காங்க. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு நஞ்சுக்கொடின்னு இருக்கே, அதுல கூட. என்னா செய்யும்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல இருந்தா ஆபத்து அதிகம்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது."

"கடல்ல இருக்கிறதுக்கு?"

"அதுங்களுக்கும் வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும், சத்து இருக்காது. வளர்ச்சி கெடும், குஞ்சு குறையும்." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க ஆன்ட்டி. எடுத்துப் பார்த்தா என் உடம்புலயும் இருக்கும்."

நான் கைப்பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் பிளாஸ்டிக்தான்.

வேலையை விட்டதும் பெர்னடெட் ஆம்புரோஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சுற்றுச்சூழல் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். வருவார்களா என்று நான் சந்தேகப்பட்டேன். வந்தார்கள். தொட்டியைப் பார்த்தார்கள், ஓடையைப் பார்த்தார்கள், தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். எங்கள் தாமானில் வேலை இழந்தவர்கள் நிறையப் பேர். எதிர்வீட்டு ராக்காயி அதன்பிறகு பெர்னடெட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓடை மட்டும் தெளியவில்லை. மழை பெய்தால் கரை மண் கரைந்து இன்றும் சில்லுகள் வருகின்றன. எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறதோ, யாருக்கும் தெரியாது.

ஆலிஸிடம் சொல்லத்தான் அவளுக்கு நாள் பிடித்தது. ஒரு மத்தியானம் என் வீட்டில் உட்கார்ந்துதான் போன் போட்டாள். மூச்சு வாங்கி வாங்கி எல்லாவற்றையும் சொன்னாள், வலையை எடுத்ததையும், சில்லையும், டாக்டர் சொன்னதையும். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"யாருகிட்டலாம் சொன்னே?" என்றாள் ஆலிஸ்.

"யாருகிட்டயும் இல்லக்கா. உன்கிட்டத்தான். நீ சாப்பிடாதேன்னு..."

"வாய மூடிக்கிட்டு இரு பெர்னா. பாகான் டத்தோ கெராங்குல பிளாஸ்டிக்குன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு வாங்குவா? கிலாங்க மூடினே. இப்ப எங்க வயித்துலயும் அடிக்கப் பாக்கறியா?"

போன் வைக்கப்பட்டது. பெர்னடெட் அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும் அல்லவா. அதன்பிறகு பல மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

வெளியே யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் சின்னையாவின் திட்டில் விட்ட குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எதனால் என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர் பங்கை விட்டுவிட்டார்.

போன மாதம் ஆலிஸே அழைத்தாள். மாமாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, வந்துவிட்டுப் போ என்றாள். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாடகைக்கு எடுத்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். பெர்னடெட் இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறாள்.

சின்னையா சீருடை போட்டிருந்தார். ஆற்றங்கரையில் ஒரு பழைய தேங்காய்க் கிட்டங்கியில் புதுக் கிலாங் வந்திருக்கிறதாம். கேட்டில் ஜகா வேலை, காவல்காரர். வெட்கத்தோடு சொன்னார்.

"உள்ள இல்லம்மா. கேட்டுலதான் நிக்கிறேன். கெராங்கு போச்சு. இந்த வயசுல வேற யாரு வேலை குடுப்பா?"

"என்னா கிலாங்கு மாமா?" என்றாள் பெர்னடெட்.

அவர் ஆலிஸைப் பார்த்தார். ஆலிஸ் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியாததா? அதேதான். செமோர்ல இருந்த ஒரு சூப்பர்வைசர்தான் ஆளு எடுத்தாரு. நல்ல மனுஷன்."

"கழுவுற தண்ணி... எங்க விடுறாங்க?"

"பின்னாடி ஆத்துலதான். வேற எங்க விடுவாங்க?"

ஆலிஸ் சோறு போட்டாள். முகத்துவாரத்தில் பிடித்த மீன், நல்ல காரமாகக் குழம்பு. தங்கையின் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்துவிட்டு, கரண்டியைக் கையிலேயே பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். பெர்னடெட் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு, அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, சாப்பிட ஆரம்பித்தாள். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்து, மெதுவாக, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஆலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கும் ஒரு துண்டு போட்டாள்.

நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.